கப்பல்துறையில் எழுந்த விளையாட்டரங்கு: எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தின் இடப்பெயர்வும் லிவர்பூல் நகரின் பாரம்பரிய இழப்பும் (1892–2025)

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த எவர்ட்டன் கால்பந்துக் கழகம், 1892 முதல் தான் ஆடிவந்த கூடிசன் பார்க் அரங்கை விட்டு, 2025இல் மெர்சி ஆற்றங்கரையிலுள்ள பிராம்லி-மூர் கப்பல்துறையில் கட்டப்பெற்ற புதிய அரங்கிற்குப் பெயர்ந்தது. இதற்கு முன் இக்கழகம் மேற்கொண்ட மூன்று இட முயற்சிகள் தோல்வியுற்றன. நான்காம் முயற்சி வெற்றிபெற்ற ஆண்டிலேயே லிவர்பூல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வரலாற்றில் சட்டம் பாரம்பரியம் என ஏற்றதும், மக்கள் பாரம்பரியம் எனக் கருதியதும் வெவ்வேறாக இருந்தன என்பதையும், அவற்றின் எதிர்பாராத முடிவுகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எவர்ட்டன், கூடிசன் பார்க், பிராம்லி-மூர் கப்பல்துறை, உலகப் பாரம்பரியம், நகர வரலாறு, விளையாட்டரங்கு.

முன்னுரை

தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஒன்று புதிய அரங்கு கட்டுவது பெரும்பாலும் பொறியியல் சாதனையாகவோ வணிக முதலீடாகவோ எழுதப்படுகிறது. ஆயினும் அரங்கு என்பது நகரத்தின் நிலத்தில் எழுவது. அந்நிலத்திற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. கழகம் விட்டுச்செல்லும் நிலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரண்டில் எதனைக் காப்பது, எதனை இழக்க உடன்படுவது என்பதே அரங்குத் திட்டங்களின் மையச் சிக்கல் ஆகும். இச்சிக்கலை எவர்ட்டன் கழகத்தின் இடப்பெயர்வு தெளிவாகக் காட்டுவதால், அது இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்பட்டுள்ளது.

கூடிசன் பார்க்கின் தோற்றமும் வளர்ச்சியும்

புனித டொமிங்கோ தேவாலயத்தைச் சார்ந்து 1878இல் தோன்றிய கழகம், அடுத்த ஆண்டில் எவர்ட்டன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1884 முதல் அது ஆன்ஃபீல்டு திடலில் ஆடியது. அத்திடல் தொடர்பாக மதுவடிப்புத் தொழிலதிபர் ஜான் ஹௌல்டிங்கிற்கும் கழக உறுப்பினர்களுக்கும் வாடகை குறித்து எழுந்த பூசல், 1892இல் பிளவில் முடிந்தது. ஜார்ஜ் மாஹன் தலைமையில் உறுப்பினர்கள் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் புதிய திடலை அமைத்தனர். வெறுமையான ஆன்ஃபீல்டில் ஹௌல்டிங் தோற்றுவித்த கழகமே இன்றைய லிவர்பூல் கால்பந்துக் கழகமாகும். ஆகவே, எவர்ட்டனின் முதல் பெரிய இடப்பெயர்வே நிலத்தின் மீதான உரிமைப் பூசலால் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

1892 ஆகஸ்ட் 24 அன்று திறக்கப்பெற்ற கூடிசன் பார்க், கால்பந்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பெற்ற உலகின் தொடக்ககால அரங்குகளுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆர்ச்சிபால்டு லீச் இதன் பார்வையாளர் மாடங்களை வடிவமைத்தார். மாட முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த எஃகுச் சட்டகம் அவருடைய தனி அடையாளமாகும். 1948இல் லிவர்பூல் கழகத்துடன் நடந்த ஆட்டத்திற்கு 78,299 பேர் திரண்டனர். 1966 உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் இங்கு நடந்தன; மேற்கு ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்திற்கும் இடையிலான அரையிறுதி அவற்றுள் ஒன்று.

இந்நிலை 1989இல் மாறியது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலால் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். இதை விசாரித்த டெய்லர் குழுவின் 1990ஆம் ஆண்டு இறுதி அறிக்கை, உயர்மட்டக் கழகங்களின் அரங்குகள் முழுவதும் இருக்கை உடையனவாக மாற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நின்று பார்க்கும் படிகளில் இருக்கைகள் அமைந்தபோது கூடிசனின் கொள்ளளவு 40,000 அளவிற்குச் சுருங்கியது. மூன்று புறம் குடியிருப்புத் தெருக்களும் ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயமும் நெருங்கி நின்றமையால் அரங்கை விரிப்பது அரிதாயிற்று. தூண்கள் பார்வையை மறைத்தன. வருவாய் தரும் விருந்தோம்பல் அறைகளுக்கும் இடமில்லை. பிரீமியர் லீக் காலத்தின் பொருளாதாரப் போட்டியில் இக்குறைகள் கழகத்தைப் பின்தள்ளின.

தோல்வியுற்ற மூன்று திட்டங்கள்

முதல் திட்டம் நகர மையத்தை ஒட்டிய கிங்ஸ் கப்பல்துறையைக் கருதியது. சுமார் 55,000 இருக்கைகள் கொண்ட அரங்கிற்குப் பிற முதலீட்டாளர்கள் முன்வந்தனர். ஆனால் தன் பங்கான 30 மில்லியன் பவுண்டைக் கழகத்தால் திரட்ட இயலவில்லை. 2003இல் திட்டம் கைவிடப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் நகரின் உள்ளரங்கமும் மாநாட்டு மையமும் எழுந்தன.

இரண்டாம் திட்டம் நோஸ்லி பெருநகர வட்டத்திற்கு உட்பட்ட கர்க்பியைத் தேர்ந்தது. டெஸ்கோ நிறுவனத்தின் பெரிய அங்காடி வளாகத்துடன் அரங்கும் அமைவதாக இருந்தது. 2007இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்த ரசிகர்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். எஞ்சியோர் கழகம் லிவர்பூல் நகர எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என இயக்கம் நடத்தினர். கர்க்பி சில கல் தொலைவே ஆயினும், நகர எல்லை என்பது அவர்களுக்கு நிருவாகக் கோடாக மட்டும் தோன்றவில்லை. பொது விசாரணைக்குப் பின் 2009 நவம்பரில் அரசு அனுமதி மறுத்தது. அங்காடி வளாகத்தின் அளவு சுற்றுவட்டார நகர மையங்களின் வணிகத்தைப் பாதிக்கும் என்பது முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. கால்பந்திற்கான திட்டம் கடைப்பரப்பின் காரணமாக வீழ்ந்தது.

மூன்றாம் திட்டம் கூடிசனுக்கு அருகிலுள்ள வால்டன் ஹால் பூங்காவைக் கருதியது. பொதுப் பூங்காவை இழப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பொருளாதார அடிப்படையும் உறுதிப்படவில்லை. 2016இல் அதுவும் கைவிடப்பட்டது.

இம்மூன்று தோல்விகளும் ஒன்றை உணர்த்துகின்றன. பணம் இருந்தால் இடம் பொருந்தவில்லை. இடம் பொருந்தினால் பணம் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு பொது நலன் அரங்கின் எதிரே நின்றது.

பிராம்லி-மூர் கப்பல்துறை

2016இல் ஃபர்ஹாத் மோஷிரி கழகத்தில் கணிசமான பங்கு வாங்கியபின், 2017இல் பிராம்லி-மூர் கப்பல்துறை தேர்ந்தெடுக்கப்பட்டது. நில உரிமையாளரான பீல் நிறுவனத்துடன் நீண்டகாலக் குத்தகை பேசி முடிக்கப்பட்டது.

லிவர்பூலின் கப்பல்துறை என்பது ஆற்றின் ஏற்றவற்றங்கள் தாக்காதவாறு கருங்கற்சுவர் எழுப்பி, வாயிற்கதவால் நீரைத் தேக்கிக் கப்பல்களை நிறுத்தும் செயற்கை நீர்நிலை. மெர்சியில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு மிகப் பெரிது என்பதால், இவ்வமைப்பின்றித் துறைமுகம் வளர்ந்திருக்க இயலாது. துறைமுகப் பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி வடித்த ஐந்து கப்பல்துறைகள் 1848இல் ஒருங்கே திறக்கப்பட்டன. பிராம்லி-மூர் அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் உயர்மட்ட இருப்புப்பாதை வழியே வந்த நிலக்கரி இங்கிருந்து ஏற்றுமதியானது. 1883இல் கட்டப்பெற்ற நீரழுத்த இயந்திரக் கோபுரமும், கப்பல்துறையின் தாங்குசுவர்களும் காப்புப் பட்டியலில் இடம்பெற்றவை.

இக்கப்பல்துறை, 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட லிவர்பூல் வணிகத் துறைமுக நகரப் பகுதியின் எல்லைக்குள் இருந்தது. வட கப்பல்துறைகளில் பீல் நிறுவனம் திட்டமிட்ட உயர்கட்டடங்கள் காரணமாக அப்பகுதி 2012இலேயே அபாயப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே பாரம்பரியத் தகுதி இழப்பிற்கு அரங்கு மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. ஏற்கெனவே நடந்துவந்த வழக்கில் அரங்கு இறுதிச் சான்றாயிற்று எனக் கொள்வதே தகும்.

சுவரா, நீரா? பாரம்பரியம் குறித்த வாதம்

அரங்கு எழ வேண்டுமெனில் கப்பல்துறையின் நீர்ப்பரப்பை நிரப்பியாக வேண்டும். கழகத்தின் வாதம் இவ்வாறு அமைந்தது: பழைய கற்சுவர்கள் இடிக்கப்படாமல் மணலுக்கடியில் காக்கப்படும், கோபுரம் புதுப்பிக்கப்படும், மேற்குப் புறத்தில் நீர்க்கால்வாய் ஒன்று விடப்படுவதால் கப்பல்துறைகளின் தொடர்ச்சி கண்ணுக்குப் புலப்படும், நெடுங்காலம் பொதுமக்கள் நுழைய இயலாதிருந்த இடம் அவர்களுக்குத் திறக்கப்படும். மேலும், இங்கிலாந்தில் வறுமை மிக்க பகுதிகளுள் ஒன்றான வட லிவர்பூலில் அமையும் இத்திட்டத்தால் 1.3 பில்லியன் பவுண்டு அளவிலான பொருளாதாரப் பயனும் 15,000 வேலைகளும் கிட்டும் எனக் கழகம் மதிப்பிட்டது.

ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பும் யுனெஸ்கோவும் இதனை ஏற்கவில்லை. கப்பல்துறையின் பொருளே அதன் நீர்ப்பரப்பு என்பது அவற்றின் நிலைப்பாட்டின் சாரம். சுவர் நீரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. நீர் நீங்கியபின் சுவர் கல்லாக எஞ்சும், கப்பல்துறையாக எஞ்சாது. பொருளைக் காப்பதும் பயன்பாட்டின் வடிவைக் காப்பதும் ஒன்றல்ல என்னும் பாரம்பரியப் பாதுகாப்பின் அடிப்படைக் கேள்வி இங்கு நேரடியாக எழுந்தது.

2021 பிப்ரவரியில் மாநகர மன்றத்தின் திட்டக்குழு ஒருமனதாக அனுமதி அளித்தது. மார்ச்சில், திட்டத்தைத் தம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதில்லை என அமைச்சர் முடிவு செய்தார். கர்க்பி திட்டத்தை விசாரணைக்கு உட்படுத்திய அரசு, உலகப் பாரம்பரிய எல்லைக்குள் அமையும் திட்டத்தை விசாரணையின்றி விட்டமை இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க முரண். 2021 ஜூலை 21 அன்று உலகப் பாரம்பரியக் குழு 13க்கு 5 என்ற வாக்குகளில் லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஓமனின் அரேபிய ஓரிக்ஸ் சரணாலயம் (2007), ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பெ பள்ளத்தாக்கு (2009) ஆகியவற்றிற்குப் பின் இவ்வாறு நீக்கப்பட்ட மூன்றாவது இடம் இது.

கட்டுமானமும் அதன் விலையும்

அடுத்த மாதமே பணி தொடங்கியது. லேங் ஓரூர்க் நிறுவனம் கட்டுமானப் பொறுப்பேற்றது. ஐரிஷ் கடலடியிலிருந்து தோண்டியெடுத்த ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர் மணல் கப்பல்துறையில் நிரப்பப்பட்டது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் டேன் மைஸ் தந்த வடிவமைப்பில், கீழ்ப்பகுதி துறைமுகப் பண்டகசாலைகளை ஒத்த செங்கல் முகப்பாகவும், மேற்பகுதி உலோகக் கூரையாகவும் அமைந்தன. செங்கல் வேலைப்பாட்டில் லீச்சின் குறுக்குச் சட்டக வடிவம் இடம்பெற்றது. தென்புறத்தில் சுமார் 13,000 பேர் அமரும் செங்குத்தான ஒற்றை மாடம் எழுந்தது. மொத்தக் கொள்ளளவு 52,000க்கு மேல்.

நிதி வரலாறு இவ்வளவு சீரானதன்று. தொடக்கத்தில் மாநகர மன்றம் 280 மில்லியன் பவுண்டுக் கடனுக்குத் துணைநிற்கும் என்னும் திட்டம் இருந்தது. பின்னர்க் கழகம் தனியார் நிதியை நாடியது. உக்ரைன் போரை அடுத்து 2022 மார்ச்சில், ரஷ்யத் தொழிலதிபர் அலிஷர் உஸ்மனோவுடன் தொடர்புடைய நிறுவனங்களின் ஆதரவு ஒப்பந்தங்களைக் கழகம் நிறுத்தியது. மூன்றாண்டு இழப்பு 105 மில்லியன் பவுண்டு என்னும் வரம்பை 19.5 மில்லியன் தாண்டியதாகக் கண்டறியப்பட்டு, 2023 நவம்பரில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆயிற்று. அரங்கிற்கான கடன் வட்டியைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது கழகம் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. எதிர்கால வருவாய்க்காகக் கட்டிய அரங்கு நிகழ்காலத்தில் கழகத்தைத் தரமிறக்கத்தின் விளிம்பிற்குக் கொண்டுசென்றது. 2024 டிசம்பரில் ஃபிரீட்கின் குழுமம் கழகத்தை வாங்கிய பின்னரே நிலைமை சீரடைந்தது. 2023 ஆகஸ்டில் கட்டுமானத் தளத்தில் நேர்ந்த விபத்தில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அரங்கின் விலையைக் கணக்கிடுவோர் இதனையும் விடுதல் ஆகாது.

எஞ்சிய கூடிசன்

2025 மே 18 அன்று ஆடவர் அணி கூடிசனில் தன் இறுதி ஆட்டத்தை ஆடியது. ஆகஸ்ட் 24 அன்று புதிய அரங்கில் முதல் பிரீமியர் லீக் ஆட்டம் நடந்தது. கூடிசன் திறக்கப்பட்டு அன்றோடு 133 ஆண்டுகள் நிறைந்தன.

பழைய அரங்கை இடித்து வீடுகளும் சமூகப் பயன்பாட்டுக் கட்டடங்களும் அமைப்பதே 2021இல் அனுமதி பெற்ற திட்டம். கப்பல்துறைக்கு இருந்த சட்டக் காப்போ, உலகத் தகுதியோ கூடிசனுக்கு இல்லை. ஆயினும் 2025 மே மாதத்தில் புதிய உரிமையாளர்கள், கழகத்தின் மகளிர் அணி இனிக் கூடிசனில் ஆடும் என அறிவித்தனர். அதுவரை அவ்வணி ஆடிவந்த இடம், கழகத்தின் மூன்றாம் அரங்குத் திட்டம் கைவிடப்பட்ட அதே வால்டன் ஹால் பூங்காவாகும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, அரங்குத் திட்டத்தின் வெற்றி தோல்விகளை வடிவமைப்பைக் காட்டிலும் நிலம், எல்லை, நிதி, அரசின் தலையீடு ஆகியவற்றின் சேர்க்கையே தீர்மானித்தது. இரண்டாவது, உலகத் தகுதி என்பது உள்ளூர் மக்களின் உடன்பாடின்றி நிலைப்பது அரிது. மூடப்பட்ட மதிலுக்குப் பின்னால் பயனின்றிக் கிடந்த நீர்ப்பரப்பைக் காக்க நகரத்தில் வலுவான குரல் எழவில்லை. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணமாக்குவதைவிட, பாரம்பரியப் பாதுகாப்பு அவர்களை அவ்விடத்திற்குள் அழைத்துச் செல்லாமையைக் காரணமாக்குவதே நேரிது. மூன்றாவது, சட்டத்தால் காக்கப்பட்ட கப்பல்துறை மணலுக்கடியில் மறைந்தது. சட்டக் காப்பற்ற கூடிசன், அதில் ஆடுவதற்கு ஓர் அணி இருந்தமையால் எஞ்சியது. பட்டியலில் சேர்ப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. ஓர் இடம் தொடர்ந்து புழங்கப்படுதலே அதன் உறுதியான காப்பு என்பதை இவ்விரு இடங்களின் ஒப்பீடு புலப்படுத்துகிறது.