உவர் நீரில் விளைந்த முலாம்பழம்

வெட்டிய மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி ஒரு ஜாடியில் வைத்து மூடுங்கள். மறுநாள் திறந்து பார்த்தால் துண்டுகள் சுருங்கியிருக்கும்; ஜாடியின் அடியில் நீர் தேங்கியிருக்கும். நாம் ஊற்றிய நீரன்று அது. மாங்காய்க்குள் இருந்த நீர். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் செல்களின் சவ்வு வழியே நீர் நகர்கிறது. இதைச் சவ்வூடு பரவல் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள்.

உப்பு மிகுந்த நிலத்தில் நிற்கும் செடியின் துன்பமும் இதுவே. வேரைச் சுற்றி நீர் இருக்கும். அதை உறிஞ்ச முடியாமல் செடி வாடும். அப்படியிருக்க, ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் மழைகூடக் காணாத பாலைவனத்தில், உப்புக் கரிக்கும் கிணற்று நீரைப் பாய்ச்சி முலாம்பழம் விளைவித்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. நல்ல ஆற்று நீரைப் பாய்ச்சியே தன் நிலத்தைக் கெடுத்துக்கொண்ட நாடும் உலகில் இருந்தது. முதலில் அதைப் பார்ப்போம்.

கோதுமை மறைந்த நாடு

டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு இடையே செழித்த மெசபொடேமியாவின் தென்பகுதியை 1958-ஆம் ஆண்டில் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து எழுதினர். கி.மு. 3500 அளவில் அங்கே கோதுமையும் பார்லியும் ஏறத்தாழச் சம அளவில் விளைந்தன. கி.மு. 2100 அளவில் கோதுமையின் பங்கு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கியது. கி.மு. 1700 அளவில் அப்பகுதியில் கோதுமைச் சாகுபடியே நின்றுபோனது. பார்லி கோதுமையைவிட உப்பைத் தாங்கும் பயிர் என்பதைக் கவனியுங்கள். இந்த வீழ்ச்சிக்கு உப்பு எந்த அளவுக்குக் காரணம் என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் கருத்து வேறுபட்டனர். ஆனால் உப்பு சேரும் விதத்தில் ஐயமில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஆற்று நீரில் லிட்டருக்குக் கால் கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். நாக்குக்கு அது நல்ல நீர்தான். ஒரு ஹெக்டேரில் 1 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அளவு நீரை ஓர் ஆண்டில் பாய்ச்சினால், அது 1 கோடி லிட்டர். அதனுடன் நிலத்துக்குள் புகும் உப்பு இரண்டரை டன்! நீர் ஆவியாகிப் போய்விடும். செடியும் நீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றிவிடும். உப்போ பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். வடிகால் இல்லாத நிலத்தில் நிலத்தடி நீர் மட்டம் உயர, அதிலுள்ள உப்பும் நுண்துளைகள் வழியே மேலே ஏறும்.

ஆகவே, பாய்ச்சும் நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. வேரின் அருகே எவ்வளவு தங்குகிறது என்பதே முக்கியமான கேள்வி.

மணலும் சொட்டும்

இக்கேள்வியை அளவைகளால் ஆராய, 1937-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரிவர்சைடு நகரில் உவர் நில ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1954-இல் அது வெளியிட்ட கையேடு, பயிரின் தேவைக்கு மேல் சிறிது நீர் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே கழுவிவிட வேண்டும் என்று கணக்குடன் விளக்கியது. எவ்வளவு உப்பை எந்தப் பயிர் தாங்கும் என்ற விவரங்களும் பின்னர்த் தொகுக்கப்பட்டன. பார்லி, பருத்தி, பேரீச்சை ஆகியவை உப்பை நன்கு தாங்குபவை. முலாம்பழம் அந்த வரிசையில் இல்லை. அது உப்புக்கு ஓரளவு எளிதில் பாதிக்கப்படும் பயிர். எனவே பாலைவனத்தில் அது விளைந்ததற்குக் காரணத்தைச் செடியின் வலிமையில் தேடிப் பயனில்லை. நீர் பாய்ச்சிய முறையில்தான் தேட வேண்டும்.

1949-இல் இஸ்ரேலின் தென்கோடியிலுள்ள ஐலாத் நகரில், ஹ்யூகோ பாய்கோ, எலிசபெத் பாய்கோ என்ற தம்பதியர் உவர் நீரால் ஒரு தோட்டம் வளர்க்கத் தொடங்கினர். அங்கிருந்த மண் மணலும் சரளையுமானது. களிமண்ணைப் போல அது உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நீர் வேகமாக வடியும்போது உப்பும் உடன் செல்லும். கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்தது.

மறு பாதியைத் தந்தவர் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியியலாளர். சொட்டுச் சொட்டாக நீர் கசியும் பிளாஸ்டிக் குழாய் அமைப்பை அவர் 1959 அளவில் உருவாக்கினார். அதை உற்பத்தி செய்ய 1965-இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாக்கடலுக்குத் தெற்கே நீளும் அரவா பள்ளத்தாக்கில் உவர் நீரைக் கொண்டு காய்கறிகளில் சோதனை நடத்திய கோல்ட்பெர்க், ஷ்முயெலி என்ற ஆய்வாளர்கள், தெளிப்பு முறையைவிடச் சொட்டு முறையே மிகுந்த விளைச்சல் தருவதாக 1970-இல் எழுதினர்.

காரணம் என்ன? லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரின் ஊடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தம். பாய்ச்சிய நீரில் பாதி வற்றினால் எஞ்சியதன் செறிவு இரட்டிப்பாகும். அழுத்தமும் 2 ஆகும். நிலம் மேலும் காய்ந்தால் மேலும் உயரும். வாரம் ஒருமுறை பாய்ச்சினால் செடி நாளுக்கு நாள் கடுமையான கரைசலோடு போராட வேண்டும். நாள்தோறும் சொட்டினாலோ செறிவு உயர இடமே இல்லை. அன்றியும், சொட்டும் இடத்திலிருந்து நீர் நாற்புறமும் பரவும்போது உப்பையும் தள்ளிச் செல்கிறது. ஈரத்தின் விளிம்பில் வெள்ளை வளையமாக அது படிகிறது. நடுவில் வேர் பிழைக்கிறது. தெளிப்பு முறையில் உப்பு நீர் இலைமேல் பட்டு இலை கருகும். இங்கே அத்தொல்லையும் இல்லை.

நெகேவ் பாலைவனத்தில் மெண்ட்லிங்கர், பாஸ்டர்நாக் முதலிய ஆய்வாளர்கள் முலாம்பழத்திலேயே இதை ஆராய்ந்தனர். இளம் பருவத்தில் நல்ல நீர் கொடுத்து, செடி வேரூன்றிய பின் உவர் நீருக்கு மாற்றுவது ஒரு வழி. உப்பு கூடும்போது பழம் சிறுக்கிறது. ஆனால் பல வகைகளில் இனிப்பு கூடுகிறது. எடைக்கு விற்பவருக்கு இழப்பு. சுவைக்கு விலை கிடைத்தால் ஈடு.

மழை பெய்தால் ஆபத்து

இந்த முறையில் ஒரு விந்தை உண்டு. சிறு தூறல் விழுந்தால் உழவர் மகிழ்வதில்லை, குழாயைத் திறந்துவிடுகிறார்! விளிம்பில் ஒதுங்கிய உப்பைத் தூறல் கரைத்து மீண்டும் வேருக்குக் கொண்டுவந்துவிடும். சொட்டு நீர் இடைவிடாமல் பாய்ந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். அதாவது உப்பு மறைந்துவிடவில்லை. ஒரு சாண் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை அரை மீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால், ஒரு ஹெக்டேரில் ஒரே பருவத்தில் 10 டன் உப்பு சேர்கிறது. அடுத்த பயிருக்கு முன் நிலத்தை நிறைய நீரால் கழுவ வேண்டும். கழுவிய நீர் எங்கே செல்லும்? நிலத்தடி நீருக்கா, அடுத்தவர் கிணற்றுக்கா, வடிகாலுக்கா? இதற்கு விடை சொல்லாமல் உவர் நீரைப் பாய்ச்சுபவர், மெசபொடேமியர் பல நூற்றாண்டுகளில் செய்ததைச் சில ஆண்டுகளிலேயே செய்து முடிப்பார்.

உவர் நீரால் பயிர் வளர்க்கும் புதிய திட்டம் எதைப் பற்றியேனும் நீங்கள் படிக்கும்போது, விளைச்சல் எத்தனை டன் என்று மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். உப்பு எத்தனை டன், அது எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கூட்டிப் பெருக்கத் தெரிந்தால் போதும், முதற்கேள்விக்கு விடை காணலாம். இரண்டாவதற்கு நிலத்தின் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.