வட்டத்துள் நின்ற மன்னன்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, தாமே கண்டதாக ஒரு செய்தியைக் குறித்துள்ளார். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்கு அரசன் கடன்பட்டிருந்தான்; கேட்கும்போதெல்லாம் தவணை சொல்லி வந்தான். ஒருநாள் அவன் குதிரைமீது நகருள் வருகையில், வணிகர் குதிரையைச் சுற்றித் தரையில் வட்டம் கீறிவிட்டார். கடன் தீருமட்டும் அரசன் அசையவில்லையாம்! வட்டத்தைத் தாண்டியவன் மரண தண்டனைக்கு உரியவன் என்பது வழக்கு. இதைக் கட்டுக்கதையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1510-இல் வெளிவந்த வர்த்தேமாவின் நூலும் கள்ளிக்கோட்டையில் இத்தகைய வழக்கைக் கூறுகின்றது.

1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமோ, ஆளை மறிக்காமல் பொருளை மறிக்கச் சொல்கின்றது. சரக்கு தம் கையிலிருந்தால், விலை வரும்வரை விற்றவர் அதனை நிறுத்திவைக்கலாம். வாங்கியவர் நொடித்துப்போனாரெனில், வழியிலேயே தடுக்கலாம். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டால்? விலைக்கு வழக்காடுவதொன்றே மிச்சம். அந்த வணிகரின் வட்டத்தை அப்போது யாரும் நினைத்துக்கொள்ளக்கூடும்.