ஈறு நோய்ச் சிகிச்சையின் முதல் 24 மணி நேரம்: நீரிழிவு நோயாளிகளிடம் பதிவாகாத பக்கவிளைவுகள்

நீரிழிவின் ஆறாவது சிக்கல் ஈறு நோய் என்று 1993இல் ஹரால்டு லோ எழுதினார். ஈறுகளைச் சரிசெய்தால் சர்க்கரையும் குறையுமா என்பதைச் சுற்றியே பின்வந்த ஆய்வுகள் பெரிதும் நடந்தன. அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனை, குறையவில்லை என்றது. லண்டனில் 264 பேரிடம் டையூட்டோ குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், தீவிரச் சிகிச்சை பெற்றோரின் எச்பிஏ1சி ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைந்திருந்தது. 35 சோதனைகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வும் மூன்று நான்கு மாதங்களில் 0.43 புள்ளி குறைவதைக் கண்டது. எனவே பயன் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பயனை நிறுவிய அளவுகோலே தீங்கைக் காண இயலாதது என்பது என் வாதம்.

எச்பிஏ1சி இரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. ஒரு பிற்பகலில் சர்க்கரை 50க்கு இறங்கி, நோயாளி வியர்த்து நடுங்கி, இனிப்புத் தின்று மீண்டாலும் அந்த எண்ணில் அதன் சுவடு இராது. பக்கவிளைவுகளை முறையாகக் கணக்கெடுத்த சோதனைகளோ குறைவு. கணக்கில் வராததால் தீங்கே இல்லை என்று கொள்வது தவறு.

அந்தப் பிற்பகல் எப்படி வருகிறது? காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டவர் பல் மருத்துவரிடம் காத்திருக்கிறார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றுக்கு அடியிலுள்ள காரையைச் சுரண்டி, வேர்ப்பரப்பைச் சீராக்குகிறார்கள். உதடும் நாக்கும் மேலும் சில மணி நேரம் மரத்தே கிடக்கும். அது தெளிந்தபின் வலியால் மெல்ல முடியாது. மதிய உணவு தவறுகிறது, மருந்து மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. கிளாரித்ரோமைசின், சிப்ரோபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளோ வாய்ப்பூஞ்சைக்கான மைக்கோனசோல் ஜெல்லோ சேர்ந்தால், கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் சர்க்கரை குறைக்கும் வேகம் கூடலாம். பல் மருத்துவரின் சீட்டும் நீரிழிவு மருத்துவரின் சீட்டும் ஒரே கையில் சேர்வது பெரும்பாலும் மருந்துக் கடையில்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு விளைவு உண்டு. டொனெட்டி குழுவினர் 2007இல் 120 பேரிடம் கண்டது இது: தீவிரச் சிகிச்சைக்கு 24 மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தில் அழற்சிக் குறிகள் உயர்ந்து, இரத்தக்குழாய் விரியும் திறன் குறைந்தது, ஆறு மாதத்தில் அது முன்னைவிட மேம்பட்டது. அச்சோதனை நீரிழிவு நோயாளிகளுக்கென நடத்தப்பட்டதன்று. ஆயினும் அழற்சி இன்சுலினின் செயலை மட்டுப்படுத்தும் என்பதால், இந்த ஒரு நாள் எழுச்சி அவர்களிடமே அதிகம் ஆராயப்பட வேண்டியது. பற்கூச்சம், ஈறு இறங்குதல், குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பால் வரும் பழுப்புக் கறை ஆகியவை எல்லா நோயாளிகளுக்கும் பொது, பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை.

ஒரே அமர்வில் வாய் முழுவதையும் சுத்தம் செய்வதா, ஒவ்வோர் அமர்விலும் நான்கில் ஒரு பகுதியைச் செய்வதா என்ற பழைய விவாதமும் இங்கே வேறு பொருள் பெறுகிறது. முழுவாய்ச் சிகிச்சைக்கு மறுநாள் அழற்சி கூடுதலாக எழுவதை ஒப்பீட்டு ஆய்வு காட்டியுள்ளது. பகுதி பகுதியாகச் செய்தால் உணவு தவறும் நாட்களும் கூலி இழக்கும் நாட்களும் பெருகும் என்ற மறுப்பு நியாயமானதே. இருந்தும், சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் பகுதிமுறையையே நான் பரிந்துரைப்பேன். காலை உணவுக்குப் பின் முதல் நேரம் ஒதுக்கி, தொடங்குமுன்னும் மரப்பு தெளிந்தபின்னும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும்.

இனி வரும் சோதனைகளில், தோலில் ஒட்டித் தொடர்ந்து சர்க்கரை அளக்கும் கருவியைச் சிகிச்சைக்கு முந்தைய நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை நோயாளி அணிந்திருக்கலாம். 70க்குக் கீழ் இறங்கிய நேரம், தவறிய உணவு, புதிதாகச் சேர்ந்த மருந்து ஆகிய மூன்றையும் எச்பிஏ1சி அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.