செயற்கைப் பல் மருத்துவ ஆய்வுரைப் பரிசுகள்

இழந்த பற்களுக்கு மாற்றாகச் செயற்கைப் பற்களைப் பொருத்தும் பல் மருத்துவப் பிரிவில், மாநாடுகளில் சிறந்த ஆய்வுரை வழங்குவோருக்கு அளிக்கப்படும் பரிசுகள் செயற்கைப் பல் மருத்துவ ஆய்வுரைப் பரிசுகள் எனப்படும். ‘பல் கட்டுதல்’, ‘பல்செட்’ என்று மக்கள் சொல்வது இப்பிரிவைச் சேர்ந்ததே.

பரிசுகள்

1920-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பல் ஆய்வுச் சங்கம், இளம் ஆய்வாளர்களுக்காக ஹாட்டன் பரிசுப் போட்டியை நடத்துகிறது. அச்சங்கத்தின் செயற்கைப் பல் பிரிவு, ஃபிரெஷெட் பெயரில் புதிய ஆய்வாளர்களுக்குப் பரிசளிக்கிறது. அமெரிக்கச் செயற்கைப் பல் மருத்துவர் கல்லூரியின் ஷாரி ஆய்வுப் போட்டியும் பெயர் பெற்றது. இந்திய செயற்கைப் பல் மருத்துவச் சங்கத்தின் மாநாடுகளில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் கட்டுரையாகவும் சுவரொட்டியாகவும் தங்கள் ஆய்வுகளை முன்வைக்கின்றனர். சில நிமிட உரை, அதன் பின் நடுவர்களின் கேள்விகள் என்பதே பொதுவான முறை. உரையைவிடக் கேள்விகளுக்குச் சொல்லும் விடையிலேதான் ஆய்வாளரின் உழைப்பு தெரியவரும்.

ஏளனத்துக்கு உள்ளான ஆய்வு

இத்துறையின் போக்கையே மாற்றிய ஆய்வுக்கு மேடையில் முதலில் கிடைத்தது பரிசு அன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்காக எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியை, ஆய்வு முடிந்தபின் கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. வேறொருவராயின் கருவி வீணாயிற்றே என்று வருந்தியிருக்கக்கூடும். அவரோ காரணத்தைத் தேடினார்.

1965-இல் கீழ்த்தாடையில் பற்களே இல்லாத யோஸ்தா லார்சன் என்பவருக்கு நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருந்து, பின்னர் அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார். ஈற்றின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் பல்செட் மெல்லும்போது நழுவும். தாடை எலும்பிலேயே வேர்போல ஊன்றிய இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் உயிருள்ள எலும்பு உலோகத்தை ஏற்காது என்பதே அக்கால மருத்துவ நம்பிக்கை. 1969-இல் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழில் தம் ஆய்வு பற்றிய செய்தி வரச் செய்பவரைத் தாம் நம்புவதில்லை என்று ஏளனம் செய்தார். ஆய்வின் தரவுகள் பற்றிய கேள்வி அதில் ஒன்றுமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

டொராண்டோ மாநாடு

டொராண்டோ பல்கலைக்கழகச் செயற்கைப் பல் பேராசிரியர் ஜார்ஜ் சார்ப், பிரோனமார்க்கின் முறையைத் தம் நோயாளிகளிடம் தாமே செய்து பார்த்தார். பின்னர் 1982-இல் டொராண்டோவில் மாநாடு கூட்டி, வட அமெரிக்கப் பல் மருத்துவப் பேராசிரியர்களை அழைத்தார். அங்கே சுவீடன் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளின் விவரங்களை எடுத்துவைத்தனர். எதிர்ப்பு தணிந்தது, ‘இம்ப்ளாண்ட்’ சிகிச்சை உலகெங்கும் பரவத் தொடங்கியது. சென்னை, மதுரை மட்டுமின்றித் திண்டுக்கல், பழனி போன்ற ஊர்களிலும் இன்று அச்சொல் பழகிவிட்டது.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2011-இல் பிரோனமார்க்குக்கு வாழ்நாள் சாதனைக்கான கண்டுபிடிப்பாளர் பரிசை வழங்கியபோது அவருக்கு வயது 82. முதல் நோயாளியான லார்சன் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 2006-இல் காலமாகிவிட்டார். 1965-இல் தொடங்கிய அந்தச் சிகிச்சையின் பயன் இறுதிவரை அவருக்கு இருந்தது.