பஞ்சத்திற் பிறந்த பாண் சங்கம்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. பஞ்சம் வந்த ஆண்டிலே ஒரு சிற்றூர் எவ்வாறு உயிர்தப்பியது, அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதை எங்கிருந்து வந்தது, கடன்பட்ட கமக்காரன் தன் காணியை எவ்வாறு மீட்டான் என்பனவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுவதில்லை. ஆயினும், இன்று உலகின் பல பாகங்களிலும் கோடிக்கணக்கான மக்கள் அங்கத்தவர்களாக விளங்கும் ஐக்கிய நாணய சங்கங்களின் தோற்றத்தை ஆராயப் புகுவோர், ஜேர்மனியின் மலைநாட்டுக் கிராமமொன்றிலிருந்த பாண் போறணையின் வாயிலிலே போய் நிற்பர்.

றைன் நதிக்குக் கிழக்கே உள்ள வெஸ்ரர்வால்ட் என்னும் மேட்டுநிலத்தின் ஒரு பகுதி அக்காலத்தில் பிரஷ்ய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மண் வளங் குறைந்தது; மாரி கடியது; வீதிகள் செப்பமற்றவை. அங்கு வாழ்ந்த கமக்காரர் உருளைக்கிழங்கையும் றை என்னும் தானியத்தையும் நம்பியே காலங்கழித்தனர். 1845 ஆம் ஆண்டு ஐரோப்பாவின் பல நாடுகளில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றிக்கொண்டது. அயர்லாந்து நாட்டிலே பெரும் பஞ்சத்தை விளைத்ததும் இந்நோயே. அடுத்த ஆண்டு தானிய விளைவும் பொய்த்தது. 1846 ஆம் ஆண்டின் இறுதியிலே பனிக்காலம் தொடங்கியபொழுது வெஸ்ரர்வால்ட் குடிசைகளில் உண்ண உணவில்லை. கடைகளில் மாவின் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது.

அப்பகுதியில் வையர்புஷ் என்னும் ஊரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் நிருவகிக்கும் தலைவராக 1845 ஆம் ஆண்டு நியமிக்கப்பட்டவர் பிரெடறிக் வில்ஹெல்ம் றைபைசன். எமது நாட்டு முறையிலே கூறுவதாயின், பிரதேசச் செயலாளர் பதவியும் கிராம சபைத் தலைவர் பதவியும் ஒன்றாய்ச் சேர்ந்தாற்போன்ற பொறுப்பு அது. 1818 ஆம் ஆண்டு ஹாம் என்னும் சிற்றூரிலே பிறந்த அவர் ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். உயர்கல்வி பெறும் வசதி அவருக்குக் கிட்டவில்லை. ஊர்ப் போதகர் புகட்டிய கல்வியே அவருடைய மூலதனம். பதினேழாம் வயதிலே படையிற் சேர்ந்தார். கண்நோய் காரணமாக அதனை விட்டு நீங்கி அரசாங்க நிருவாக சேவையிற் புகுந்தார். பஞ்சம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

மக்களின் நிலையை எடுத்துக்கூறி மாகாண அரசாங்கத்திடம் அவர் உதவி கேட்டார். அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து உணவுப்பொருள் தர மேலிடம் இசைந்தது. ஆனால் அதனுடன் ஒரு கட்டளையும் வந்தது. கைக்காசு கொடுப்போருக்கு மட்டுமே அதனை விற்றல் வேண்டும் என்பதே அக்கட்டளை. காசுள்ளவனுக்கு அந்த மா வேண்டியதில்லை. மா வேண்டியவனிடம் காசு இல்லை. கட்டளையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தால் மேலிடத்தின் நன்மதிப்பு நிலைத்திருக்கும். ஊரிலே பிணங்களும் விழுந்திருக்கும். றைபைசன் ஊரின் ஏழைகள் நிவாரணக் குழுவினரைக் கூட்டி ஆலோசித்தார். வசதியற்றவர்களுக்குக் கடனாகவே கொடுப்பதென முடிவு செய்யப்பட்டது. அதன் பொறுப்பை அவர் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. ஊரில் ஓரளவு வசதி படைத்தோரிடம் சென்று, ஒவ்வொருவரும் இயன்ற தொகையை ஒரு பொது நிதியில் இடவேண்டுமெனக் கேட்டார். அப்பணத்தைக் கொண்டு தானியம் வாங்கப்பட்டது. பொதுப் போறணையொன்று கட்டப்பட்டது. அங்கே சுட்ட பாண், சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு, அறுவடைக்குப் பின் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த ஏற்பாடே பாண் சங்கம் எனப் பெயர்பெற்றது. விதைக் கிழங்கும் இவ்வாறே வழங்கப்பட்டது. 1847 ஆம் ஆண்டின் விளைவு நன்றாயிருந்தது. பட்டினியால் தளர்ந்த குடும்பங்கள் தாம் பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தன.

இந்நிகழ்ச்சியிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கொடுக்கப்பட்டது பிச்சையன்று, கடன். பெற்றவன் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுத்தவன் தன் பணம் போயிற்றென வருந்தவேண்டியதும் இல்லை. அவனுடைய சொல்லை நம்பி ஊர் காத்திருந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதே ஏழையின் மானமாயிற்று.

1848 ஆம் ஆண்டு றைபைசன் பிளமர்ஸ்பெல்ட் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே கண்ட துன்பம் வேறுவகையானது. பசி தணிந்திருந்தது, கடன் தணியவில்லை. மாடு வாங்கப் பணமில்லாத கமக்காரன் வட்டிக்காரனை நாடுவான். அல்லது வியாபாரி தன் மாட்டை அவனுடைய தொழுவத்திலே கட்டி, தீனியும் உழைப்பும் கமக்காரனுடையதாக, இலாபத்தின் பெரும்பங்கைத் தானே கொண்டுபோவான். ஒரு தவணை பிசகினால் காணியும் போய்விடும். 1849 ஆம் ஆண்டு றைபைசன் வசதி படைத்தோர் அறுபது பேரைச் சேர்த்து உதவிச் சங்கமொன்றை நிறுவினார். அவர்கள் ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் பிணையாக வைத்து ஒன்றாய்க் கடன் வாங்கினர். அக்கடனைக் கொண்டு ஏழைக் கமக்காரருக்கு மாடு வாங்கிக் கொடுத்தனர். பெற்றவர் ஐந்து ஆண்டுத் தவணையிலே அதனைத் தீர்த்தல் வேண்டும்.

பின்னர் ஹெடஸ்டோர்ப் என்னும் ஊருக்குச் சென்ற அவர், 1854 ஆம் ஆண்டு அங்கே தரும சங்கமொன்றை அமைத்தார். அதன் நோக்கங்கள் விரிந்தவை. கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தல், சிறையிலிருந்து மீண்டோருக்குத் தொழில் தேடிக்கொடுத்தல், கமக்காரருக்குக் கடன் கொடுத்தல் என்பன யாவும் அதனுள் அடங்கின. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் செல்வரின் ஊக்கம் குன்றியது. பஞ்சம் கண்ணெதிரே நின்றபோது திறந்த கை, பஞ்சம் நீங்கியதும் மெல்ல மூடிக்கொண்டது. தமக்கு யாதொரு பயனும் இல்லாத சங்கத்துக்காகத் தம் சொத்தைப் பிணையாக வைத்திருக்க அவர்கள் நெடுங்காலம் இசையவில்லை.

இது றைபைசனுக்கு எளிதில் ஏற்கக்கூடிய உண்மையாக இருக்கவில்லை. அவர் சமய நம்பிக்கை மிக்கவர். அயலானிடத்து அன்பு செலுத்துதலே உதவிக்கு அடிப்படை என்று கருதியவர். அதே காலத்தில் ஷுல்ஸ டெலிற்ஷ் என்னும் சட்ட அறிஞர், நகரத்துக் கைத்தொழிலாளரிடையே கடன் சங்கங்களை அமைத்து வந்தார். செல்வரின் கருணையை எதிர்பாராமல், கடன் வேண்டியவர்களே ஒன்றுகூடித் தமக்குத் தாமே உதவுதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பல ஆண்டு அநுபவத்தின் பின் றைபைசன் அக்கொள்கையின் நியாயத்தை ஏற்றுக்கொண்டார். 1864 ஆம் ஆண்டு ஹெடஸ்டோர்ப் சங்கம் கடன் சங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. கடன் பெறுவோர் யாவரும் அதன் அங்கத்தவராதல் வேண்டும் என்பது புதிய விதி. உதவி செய்வோர் ஒருபுறமும் உதவி பெறுவோர் மறுபுறமுமாக இருந்த நிலை மாறியது.

ஆயினும் நகரத்து முறையை அவர் அப்படியே பின்பற்றவில்லை. கமக்காரனுக்கு விளைச்சல் வரும்வரையும் பொறுக்கும் நெடுந்தவணைக் கடன் வேண்டும் என்பதை அவர் வற்புறுத்தினார். இதுபற்றி இருவருக்குமிடையே நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. றைபைசன் வகுத்த விதிகள் சிலவே. சங்கம் ஒருவரையொருவர் அறிந்த சிறு எல்லைக்குள் இருத்தல் வேண்டும். அங்கத்தவர் யாவரும் வரையறையின்றிப் பொறுப்பேற்றல் வேண்டும். கணக்கெழுதுபவரைத் தவிர்ந்த நிருவாகிகள் ஊதியமின்றிப் பணிபுரிதல் வேண்டும். இலாபம் பங்கிடப்படாமற் பொதுவான ஒதுக்கு நிதியிற் சேர்தல் வேண்டும். சோம்பேறிக்கும் குடிகாரனுக்கும் கடன் கொடுத்தால் அந்த நட்டம் தன் வீட்டையே தாக்கும் என்பதை ஒவ்வோர் அங்கத்தவனும் அறிவான். ஆகையால் ஊரின் கண்ணே சங்கத்தின் காவலாயிற்று. வங்கிக்காரன் ஆதனத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தான். இச்சங்கமோ ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தது.

கண்பார்வை மங்கியமையால் 1865 ஆம் ஆண்டு றைபைசன் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டிலே தம் அநுபவங்களை நூலாக வெளியிட்டார். எழுதும் வேலையில் அவருடைய மகள் அமாலி துணைநின்றார். அந்நூல் ஊரூராய்ச் சென்றது. 1888 ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது நானூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் அவர் வழியில் இயங்கின.

இம்முறை கடல் கடந்து கீழைத்தேசத்துக்கு வந்த வழியும் பஞ்சத்தின் வழியே. தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின் பின், கடனில் மூழ்கிய கமக்காரரை மீட்கும் வழியைப் பற்றி ஆட்சியாளர் சிந்திக்கலாயினர். சென்னை மாகாண அரசாங்கம் பிரெடறிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களைப் பற்றி ஆராயுமாறு பணித்தது. 1895 ஆம் ஆண்டிலும் 1897 ஆம் ஆண்டிலும் அவருடைய அறிக்கை வெளிவந்தது. தம் மாகாணத்துக்கும் ஒரு றைபைசன் கண்டெடுக்கப்படல் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிபின் சாரம். 1904 ஆம் ஆண்டு இந்தியாவிலும், 1911 ஆம் ஆண்டு இலங்கையிலும் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வியக்கம் ஆழ வேரூன்றியது. கடன் சங்கங்களுடன் அமையாது, மூளாயில் ஐக்கிய வைத்தியசாலையொன்றையே மக்கள் தம் முயற்சியால் நிறுவினர்.

இரண்டாவது உலகப் போரின்போது இந்நாட்டு மக்கள் சங்கத்தின் பயனை அடுப்படியிலேயே உணர்ந்தனர். 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலே கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. பதுக்கலும் கொள்ளை இலாபமும் தலைதூக்கிய அந்நாளில், பங்கீட்டுப் பொருளை மக்களுக்கு வழங்க நாடெங்கும் ஐக்கிய பண்டகசாலைகள் தோன்றின. சங்கக்கடை என்ற சொல் அக்காலத்திலே வீட்டுச் சொல்லாயிற்று.

சங்கத்தாலே தீராத துன்பமும் உண்டு என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 1934 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி மறு ஆண்டும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் குடும்பங் குடும்பமாக மக்கள் படுக்கையில் வீழ்ந்தனர். அவர்களிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. வேண்டியது மருந்தும் கஞ்சியுமே. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்களும் மருத்துவர்களும் அவற்றைக் கொண்டு கிராமங்களுக்கு நடந்து சென்றனர். 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பிலும் பிறவிடங்களிலும் தோன்றிய சமூகச் சமையலறைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தீப்பிடித்த வீட்டுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். கூரை வேய்தல் பிறகு.

றைபைசனின் முறையிலும் குறையொன்று உண்டு. தனக்காகப் பிணை நிற்க ஒருவரும் இல்லாதவன் சங்கத்தின் வாயிலுக்கு வெளியே நின்றான். ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் ஊர், ஆளைப் பார்த்து மறுக்கவும் கூடும். சாதியும் பகையும் கணக்குப் புத்தகத்தினுள் நுழைந்துவிட்டால் சங்கம் பெயரளவிலேயே நிற்கும். மேலும், அரசாங்கப் பணத்தைக் கொண்டுவந்து பங்கிடும் வாய்க்காலாக மட்டும் சங்கங்கள் மாறியபொழுது, அது யாருக்கும் சொந்தமில்லாத பணம் என்ற எண்ணம் பரவி, கடன்கள் திரும்பாமற் போனமையையும் இந்நாடு கண்டிருக்கிறது. தம் சேமிப்புத் தம் கண்முன்னே இருந்தபோது இருந்த காவல், பிறர் பணத்துக்கு இருக்கவில்லை.

கூட்டுறவின் கருத்தையும் நடைமுறையையும் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் யுனெஸ்கோ நிறுவனம் 2016 ஆம் ஆண்டு சேர்த்துக்கொண்டது. பட்டியலிற் சேர்ந்த பெருமையிலும் பெரிது, அக்கருத்து ஒவ்வோர் ஊரிலும் உயிரோடிருத்தல். கிராமத்துச் சிக்கன சங்கம், மரண சகாய நிதிச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் என்பன ஆரவாரமின்றி இயங்குபவை. இடர் வந்தபின் உதவி எங்கே கிடைக்கும் எனத் தேடுபவன், தன் பெயரையும் முகத்தையும் அறியாத வாயில்களிலே நெடுநேரம் காத்திருக்க நேரிடும். நல்ல விளைவு கண்ட ஆண்டிலே சிறு தொகை கட்டி, கூட்டத்துக்குச் சென்று, கணக்கைக் கேட்டு, அயலானுக்குப் பிணை நின்றவனுக்கோ அந்த வாயில் தெரியும். உள்ளிருப்போருக்கு அவனையும் தெரியும்.