கலாய் என்னும் சொல்லும் பேராக் ஈயமும்

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் உட்புறம் எங்கும் தேய்ப்பர். நம் பாட்டிமார் இதைக் கலாய் பூசுதல் என்றனர். இந்தக் கலாய் எந்நாட்டுச் சொல்?

உருது வழியே தமிழில் புகுந்த அரபுச் சொல் இது. 9, 10-ஆம் நூற்றாண்டு அரபு நூலோர் 'கலா' என்னும் துறைமுகத்தையும் அங்குக் கிடைத்த ஈயத்தையும் குறித்துள்ளனர். அவ்வூர்ப் பெயரே ஈயத்துக்கும் ஆயிற்று என்பது அறிஞர் பலர் துணிபு. அவ்விடம் கெடா என்பாரும், அதற்கு வடக்கே என்பாரும் உளர். மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை என்பதே பெரும்பான்மையோர் கருத்து. கெடாவோ, 1025-இல் இராசேந்திர சோழன் படை சென்ற கடாரம். தமிழில் கடாரம் என்பது கொப்பரைக்கும் பெயர்! இரண்டையும் முடிச்சிட மனம் தூண்டுகிறது; சான்றின்மையால் விட்டுவிடுவோம்.

கெடாவுக்குத் தெற்கே பேராக். மலாயில் பேராக் என்றால் வெள்ளி; ஈயத்தின் வெண்ணொளியால் வந்த பெயர் என்பாரும் உண்டு. ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும் ஈயக்கல் வெண்மையன்று. கறுத்து மினுங்கும் மணல். நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமுடையது. கிந்தா பள்ளத்தாக்கின் இருமருங்கும் உள்ள கருங்கல் மலைகளை மழை கரைக்க, இலேசான மண் அடித்துச் செல்லப்பட்டது. ஈய மணல் சுண்ணாம்புக்கல் தரையின் குழிகளில் தங்கிற்று. அதே முறையில்தான் சீனப் பெண்கள் மரத்தட்டில் நீரைச் சுழற்றி அதைப் பிரித்தெடுத்தனர்.

சுரங்கம் சீனருக்கு, ரப்பர் தமிழருக்கு என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அது முழு உண்மையாகாது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் திறந்த இரயில் பாதை ஈயத்துக்காகவே போடப்பட்டது. அதை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த தொழிற்படையினர். தோட்டத்து லயத்தில் தேநீர் கலக்கிய பால் டின்னும் ஈயம் பூசிய இரும்புத் தகடேயாகும்.

1985 அக்டோபரில் உலக ஈய விலை சரிந்தது. பேராக் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய மிதக்கும் தோண்டுகப்பல் அதற்கு முன்பே, 1982-இல், ஓய்ந்துவிட்டது. தோண்டிய பள்ளங்களில் இன்று நீர் நிற்கிறது. ஈப்போவிலிருந்து கம்பார் செல்வோர் சாலையோரத்தில் காணும் குளங்களில் பல, அவையே.