படிவம் 8283: அமெரிக்க அருங்காட்சியகக் கொடையும் வரியும்

பணமாக அல்லாமல் பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு 500 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்கும் அமெரிக்கர், வருமான வரிக் கணக்கோடு இணைக்க வேண்டிய தாள் படிவம் 8283. பழைய துணி மூட்டையும் இதில் ஏறும், பிக்காசோ ஓவியமும் ஏறும். கலைப்பொருள் கொடுப்பவர் இதில் நிரப்பும் கட்டங்களில் பல, முன்பு யாரோ விலையைக் கூட்டிச் சொன்னதால் முளைத்தவை.

முதல் உலகப் போர்ச் செலவுக்காக 1917இல் வருமான வரி கடுமையாக உயர்ந்தது. செல்வந்தர்கள் கொடையை நிறுத்திவிடக் கூடாதே என்று அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் நன்கொடைக்கு வரிக்கழிவு தந்தது. கலைப்பொருள் வைத்திருந்தவர்களுக்கு இது இரட்டை லாபமாக அமைந்தது. 1,000 டாலருக்கு வாங்கிய ஓவியம் 1,00,000 டாலருக்கு உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்றால் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் அந்த வரி இல்லை, போதாததற்கு முழு 1,00,000 டாலரையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த விலையைச் சொன்னவர்கள் கொடுப்பவரும் அவர் காசு கொடுத்து அமர்த்திய மதிப்பீட்டாளரும்தான்.

வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 1968இல் கலை ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. கலை வணிகர்களும் அருங்காட்சியகக் காப்பாளர்களும் ஊதியமின்றிக் கூடி, விலையுயர்ந்த படைப்புகளின் மதிப்பைச் சரிபார்ப்பார்கள். முன்னால் வைக்கப்படும் படைப்பு நன்கொடைக் கணக்கில் வந்ததா, இறந்தவரின் சொத்துக் கணக்கில் வந்ததா என்பது அவர்களுக்குச் சொல்லப்படாது. நன்கொடையாளர் விலையை ஏற்றுவார், வாரிசு இறக்குவார் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் இந்தத் திரை.

அடுத்த ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் படைப்பாளிகளைப் பதம் பார்த்தது. ஓவியத்தை வாங்கியவர் கொடுத்தால் சந்தை விலை முழுதும் கழிவு. வரைந்தவரே கொடுத்தால் கித்தானுக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவு மட்டுமே. அதே ஓவியர் இறந்துபோனால் வீட்டில் மிஞ்சிய படங்களுக்குச் சந்தை விலைப்படி சொத்து வரி போடப்படும். இந்த அநியாயத்தை மாற்ற செனட்டர் பேட்ரிக் லீஹி திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தும் பலிக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகளுக்கும் இதே விதிதான். காங்கிரஸ் நூலகத்துக்குத் தம் இசைப் பிரதிகளைக் கொடுத்துவந்த இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி அத்துடன் நிறுத்திக்கொண்டார். அவரது ஆவணங்கள் 1983இல் 52.5 லட்சம் டாலருக்கு சுவிட்சர்லாந்தின் பால் சாக்கர் அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தன.

முழுக் கழிவு பெறும் ஆவணக் கொடைகளுக்கு அந்தச் சட்டம் வைத்த கெடு 1969 ஜூலை 25. துணை அதிபராக இருந்த காலத்துத் தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லி ரிச்சர்ட் நிக்சன் சுமார் 5,76,000 டாலர் கழிவு கேட்டார். கொடைப் பத்திரத்தில் இருந்த தேதி கெடுவுக்கு முந்தையது. பத்திரம் உண்மையில் கையெழுத்தானது 1970இல். குட்டு வெளிப்பட்டு 1974இல் கழிவு மறுக்கப்பட்டது. பத்திரத்தில் கையெழுத்திட்ட வழக்கறிஞர் சிறைக்குப் போனார்.

படிவம் 8283 உருவெடுத்தது 1984 சட்டத்தால். 5,000 டாலருக்கு மேற்பட்ட பொருள் ‘பி’ பிரிவில் வரும். தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் அதில் கையெழுத்திட வேண்டும். மதிப்பீடு கொடைக்கு 60 நாளுக்கு மேல் முந்தையதாக இருக்கக் கூடாது, அவருக்கான கூலியை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசவும் கூடாது. பொருளைப் பெறும் அருங்காட்சியகமும் கையெழுத்திடும், ஆனால் பெற்றுக்கொண்டதற்கு மட்டும். சொன்ன விலையை ஏற்றதாக ஆகாது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொருளை நிறுவனத்தின் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் பயன்படுத்தப் போகிறீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. ‘ஆம்’ என்றால் கொடையாளர் பெரும்பாலும் வாங்கிய விலையோடு திருப்திப்பட வேண்டியதுதான். பெற்ற பொருளை அருங்காட்சியகம் மூன்று ஆண்டுக்குள் விற்றால் படிவம் 8282 மூலம் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். முதலில் இது இரண்டு ஆண்டாக இருந்தது, 2006இல் நீண்டது.

கெடுபிடி தேவைப்பட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. கலிபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் தொல்பொருள் காப்பாளராக இருந்த யிர்ஜி ஃப்ரெல், ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளின் பேரில் ஏராளமான பொருள்களை நன்கொடையாகச் சேர்த்தது 1987இல் அம்பலமானது. ஆனால் 5,000 டாலர் என்று கோடு போட்டவுடன், கோட்டுக்குக் கீழே ஒதுங்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். தாய்லாந்தின் பான் சியாங் தொல்பொருள்களை 5,000 டாலருக்குச் சற்றுக் கீழே மதிப்பிட்டுக் கொடையாகக் கைமாற்றுகிறார்கள் என்ற புகாரில், 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி கலை அருங்காட்சியகம் உட்படத் தெற்கு கலிபோர்னிய அருங்காட்சியகங்களில் மத்திய அதிகாரிகள் சோதனையிட்டார்கள்.

மதிப்பீட்டின் விசித்திரத்தைக் காட்டக் கலைஞர் ராபர்ட் ராஷன்பெர்க்கின் ‘கேன்யன்’ (1959) என்ற படைப்பு ஒன்றே போதும். அதில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பறவையைச் சட்டப்படி விற்க முடியாது. தியடோர் ரூஸ்வெல்ட்டின் குதிரைப்படை வீரர் ஒருவர், அதைத் தடைசெய்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே அதைக் கொன்று பாடம் செய்தார் என்று ராஷன்பெர்க் 1998இல் உறுதிமொழி எழுதிக்கொடுத்திருந்தார். உரிமையாளர் இலியானா சொன்னபெண்ட் 2007இல் இறந்தபின், விற்க முடியாத பொருளுக்கு ஏது விலை என்று வாரிசுகள் பூஜ்யம் போட்டார்கள். கலை ஆலோசனைக் குழுவோ 6.5 கோடி டாலர் என்றது. வரியாக 2.92 கோடி டாலரும் மேலே அபராதமும் கேட்டு ஐ.ஆர்.எஸ். ஓலை அனுப்பியது. 2012இல் சமரசமாயிற்று. படைப்பு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போகும், வரித்துறை கோரிக்கையைக் கைவிடும், குடும்பம் அந்தக் கொடைக்கு ஒரு டாலர்கூடக் கழிவு கேட்காது.